நல்லவன் ஏந்திய சவுக்கு

வெள்ளை மாளிகை. ஆட்சி பீடத்திலே அமர்ந்திருப்பவன் கொடியவன். அவன் விரல் அசைந்தால் போர் மூளும். நாடு நகரங்கள் நீறாகும். அவன் எதிரே நிற்கிறான் ஒருவன். எஃகினும் உறுதி வாய்ந்த உடலோன், விண்ணிலே பறப்போன், விழியாலேயே கனல் கக்க வல்லோன். கொடியவன் அஞ்சவில்லை, நகைக்கிறான். பிடித்து வழக்கு மன்றத்திலே நிறுத்தினாலும், சிறையிலே பூட்டினாலும், தான் மீண்டு வரப்போவது உறுதி என்கிறான். வீரன் என்ற பட்டம் உனக்கு வேண்டியிருக்கிறது, அதற்காகவே நான் உனக்குத் தேவைப்படுகிறேன் என்ற பொருள்படக் குத்திக் காட்டுகிறான். ஒரு கணம் அமைதி. மறு கணம் வீரனின் விழியிலிருந்து செங்கனல் பாய்கிறது. கொடியவன் மாண்டான். போர் நின்றது. உலகு பிழைத்தது.

கைதட்டத் தோன்றுகிறது, அல்லவா? நமக்கும் தோன்றிற்று. தோன்றியதை மறைத்துப் பயனில்லை. அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காட்சி, அமெரிக்க நாட்டு ஓவியத் தொடர் ஒன்றில் வருவது. தொடரின் பெயர் 'ஜஸ்டிஸ் லீக்'. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் முதலான எழுவர் கூடிய நீதி அணியின் கதை. அதிலே 'எ பெட்டர் வேர்ல்டு', அதாவது 'மேலானதோர் உலகம்', என்ற கதை 2003 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இரு பகுதிகளாகக் கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. கொடியவன் லெக்ஸ் லூதர். அந்த உலகிலே அவன் அமெரிக்கக் குடியரசுத் தலைவன். கனல் உமிழ்ந்தவன் சூப்பர்மேன்.

சிறுவர் கண்டு களிக்கும் கார்ட்டூனுக்கா இத்தனை ஏடு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்கட்கு நாம் சொல்வது இது: பாட்டி மடியிலே படுத்துக் கேட்ட கதைதான், பத்து அவதாரங்களை மனத்திலே பதிய வைத்தது. அரக்கன் வருவான், அவனை அழிக்க ஆண்டவன் வருவான், நாம் கைகூப்பி நின்றால் போதும் என்ற பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை, கதை கற்பித்தது. சிறுவர் கேட்கும் கதை சிறிய கதை அன்று. ஆகவே, ஓவியத்திலே தீட்டப்பட்ட இந்தப் புதிய புராணத்தையும் உரைகல்லிலே உரைத்துப் பார்ப்பது பகுத்தறிவாளரின் கடமை.

* * *

முதலில் அதற்குரிய பாராட்டை அளித்துவிடுவோம். ஏனெனில் இக்கதை கைதட்டலோடு நிற்கவில்லை. லூதர் மாண்ட பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறது. புராணங்கள் கேட்க மறந்த கேள்வி அது.

என்ன ஆயிற்று? ஒரு முறை ருசி கண்ட கரம் ஓயவில்லை. ஒருவனைக் கொன்று உலகைக் காத்தோமே, எஞ்சியோரை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. கொள்ளையர் ஒடுக்கப்பட்டனர், கொலைகாரர் அடக்கப்பட்டனர், வீதிகள் தூய்மையாயின. கூடவே வேறொன்றும் நடந்தது. 'ஜஸ்டிஸ் லீக்' என்ற பெயர் போய், 'ஜஸ்டிஸ் லார்ட்ஸ்' என்ற பெயர் வந்தது. நீதி அணியினர், நீதி ஆண்டைகளாயினர்! எவரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எவரும் அவர்களை நீக்கவும் இயலாது. தோழமையைக் குறித்த சொல் உதிர்ந்து, ஆண்டைத்தனத்தைக் குறிக்கும் சொல் முளைத்ததைக் கதை ஆரவாரமின்றிக் காட்டுகிறது. வீழ்ச்சியின் வரலாறு முழுவதும் அந்த ஒரு பெயர் மாற்றத்திலே அடங்கிக் கிடக்கிறது.

இன்னொரு காட்சி. உணவு விடுதி ஒன்றிலே ஒருவன், தனக்கு வந்த கணக்குச் சீட்டைக் காட்டி முறையிடுகிறான். கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது அவன் குறை. எந்த நாட்டிலும் எந்நாளும் நிகழும் சிறு சச்சரவு. காவலர் வருகிறார்கள், அவனைப் பிடித்துச் செல்கிறார்கள். அவ்வளவுதான். இரத்தம் இல்லை, சவுக்கடி இல்லை, சிம்மாசனம் இல்லை. ஆயினும் சர்வாதிகாரம் என்றால் என்ன என்பதை விளக்க ஆயிரம் பக்கம் எழுதிய அறிஞர்களுக்கு ஒப்ப, அந்தச் சில நொடிகள் விளக்கிவிடுகின்றன. கணக்குக் கேட்பவனே குற்றவாளி! சோற்றுக் கணக்கைக் கேட்டவனுக்கு இந்த நிலை என்றால், ஆட்சிக் கணக்கைக் கேட்பவனுக்கு எந்த நிலை?

* * *

இனி, கதையின் நெஞ்சுக்கு வருவோம்.

அந்த ஆண்டைகள், அடுத்திருக்கும் இன்னோர் உலகம் உண்டென அறிகிறார்கள். அங்கே அவர்களைப் போன்றே உருவம் கொண்ட நீதி அணி இருக்கிறது, ஆனால் ஆளவில்லை. அந்த உலகையும் 'திருத்த' முற்படுகிறார்கள். அணியினரைச் சூழ்ச்சியால் சிறைப்பிடிக்கிறார்கள். அப்போது இரு பேட்மேன்கள் எதிர் எதிரே நிற்கிறார்கள். ஒருவன் ஆண்டை, மற்றவன் அணியினன். ஒரே முகம், ஒரே வாழ்வு, ஒரே துயரம். இளமையிலே தாயும் தந்தையும் துப்பாக்கிக்காரன் ஒருவனால் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்ட துயரம்.

அணியினன் வாதாடுகிறான். உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறான். அதிகாரத்தைப் பறித்துக்கொண்டீர்கள் என்கிறான். மக்களாட்சி பாதுகாப்புத் தருவதில்லை என்கிறான் ஆண்டை. கடைசியாக ஒன்று சொல்கிறான்: எந்த எட்டு வயதுச் சிறுவனும் துப்பாக்கிக்காரன் ஒருவனிடம் தன் பெற்றோரைப் பறிகொடுக்க மாட்டாத உலகை நாங்கள் ஆக்கியிருக்கிறோம் என்று. அணியினன் வாயடைத்துப் போகிறான். கையிலிருந்த கருவியைக் கீழே போடுகிறான். தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

இங்கேதான் நாம் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வீரனுக்கு விடை தெரியாமற் போகலாம்.  நமக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஏனெனில் இந்த வாதம் கார்ட்டூனில் பிறந்ததன்று. கொடுமை கண்டு கொதித்த எந்த நல்ல நெஞ்சமும் ஒரு நாளேனும் இதை எண்ணியிருக்கும். 'நல்லவன் ஒருவன் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் என்ன?' என்ற ஏக்கம், கெட்டவர்களுக்கு வருவதன்று, நல்லவர்களுக்கு வருவது. அதனாலேயே அது ஆபத்தானது.

என்ன விடை?

ஒன்று: அந்தச் சிறுவனின் தந்தையைத் துப்பாக்கிக்காரன் கொல்லவில்லை, சரி. கணக்குச் சீட்டைக் காட்டி முறையிட்டதற்காகக் காவலர் பிடித்துச் சென்றாரே ஒருவரை, அவருக்கும் எட்டு வயதிலே மகன் இருக்கலாமே! அவன் வாயிலிலே நின்று வழி பார்ப்பானே! அந்தச் சிறுவனின் கண்ணீர் எந்தக் கணக்கிலே எழுதப்படுகிறது? வீதியிலே நின்ற துப்பாக்கி மறையவில்லை, சீருடை அணிந்துகொண்டது. முன்பு கொலைகாரனைக் கண்டால் காவலரிடம் ஓடலாம். இப்போது யாரிடம் ஓடுவது?

இரண்டு: பாதுகாப்பு என்பது பெறுகிறவனின் விருப்பத்தோடு வரவேண்டியது. கேள்வி கேட்க இயலாதவனால் காக்கப்படுவது, காப்பு அன்று, வளர்ப்பு. தொழுவத்து மாட்டுக்கும் புலி பயம் இல்லை. வேளைக்கு வைக்கோல் உண்டு, கூரை உண்டு, காவல் உண்டு. கயிறும் உண்டு! மனிதன் கேட்பது கயிறு இல்லாத காவல்.

மூன்று: அவசரம், ஆபத்து, பாதுகாப்பு என்ற சொற்கள் எத்தகைய சாவிகள் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1933 பிப்ரவரி 27 அன்று இரவு ஜெர்மானிய நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே, நாட்டைக் காக்கும் பொருட்டு என்று சொல்லி, பேச்சுரிமையும் கூட்ட உரிமையும் நிறுத்தி வைக்கப்பட்டன. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரம் இட்லரின் ஆட்சிக்கு அளிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்றார்கள். திரும்பி வந்ததா அந்த அதிகாரம்? பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இடிபாடுகளின் மீது நின்று உலகம் கணக்குப் பார்த்தது.

இந்தக் கதை பிறந்த நாட்டையும், பிறந்த நாளையும் எண்ணிப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. 45 நாட்களில், அக்டோபர் 26 அன்று, குடிமக்களை உளவு பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கிய பேட்ரியாட் சட்டம் கையொப்பமாயிற்று. 2002 சனவரியில் குவான்டனாமோ சிறை திறக்கப்பட்டது. வழக்கின்றி மனிதர் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டனர். 2003 மார்ச்சில் ஈராக் மீது படை பாய்ந்தது. பேரழிவுக் கருவிகள் அங்கே குவிந்துள்ளன என்றனர். அப்படிப்பட்ட குவியல் கண்டெடுக்கப்படவில்லை. இந்தக் கதை வெளிவந்தது அதே 2003 இல். எழுதியவர்களின் எண்ணம் எதுவாயினும் ஆகுக. பிறருடைய உலகத்தைத் திருத்தப் புறப்படும் பெருவலியோரின் கதை, அந்த ஆண்டிலே வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

* * *

கதையிலே நம்மை நடுங்கச் செய்தது லூதரின் மரணம் கூட அன்று. ஆர்க்கம் என்ற மனநோய்ச் சிறையிலே, ஜோக்கர் முதலான குற்றவாளிகள் பணிவும் புன்னகையுமாக நடமாடும் காட்சிதான். திருந்தினார்களா? இல்லை. சூப்பர்மேன் தன் கண்கனலால் அவர்களின் மூளையிலே ஒரு பகுதியைச் சுட்டுவிட்டான். நெற்றியிலே தழும்பு, முகத்திலே சாந்தம்!

கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். 1935 இல் போர்த்துகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், மனநோய்க்கு மருந்தென்று சொல்லி மூளையின் முன்பகுதி நரம்பு இழைகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். அதற்காக 1949 இல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் வால்ட்டர் ஃபிரீமன் என்ற மருத்துவர் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி, 1941 இல், 23 ஆம் வயதிலே, தந்தையின் ஏற்பாட்டால் இந்த அறுவைக்கு ஆளானார். பேச்சும் நடையும் குலைந்து, 2005 இல் இறக்கும் வரை பிறர் துணையால் வாழ்ந்தார். அவர் செய்த குற்றம்? குடும்பத்தார்க்கு அடங்காத மனநிலை. செய்தவர்கள் அரக்கர்களா? இல்லை. நன்மை செய்கிறோம் என்று நம்பியவர்கள்!

பகுத்தறிவு பேசும் நாம் இதை ஊன்றி நோக்க வேண்டும். மனிதனிடமிருந்து பொருளைப் பறிப்பவன் கள்வன். உயிரைப் பறிப்பவன் கொலைகாரன். அறிவைப் பறித்துவிட்டு, உயிரை மட்டும் விட்டுவைத்து, 'பார், எவ்வளவு நல்லவனாகிவிட்டான்!' என்று காட்டுபவனுக்கு என்ன பெயர்? தவறு செய்ய இயலாதவன் நல்லவன் அல்லன். தவறு செய்ய முடிந்தும், எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்று விலகுபவனே நல்லவன். எண்ணும் கருவியையே எரித்துவிட்ட பிறகு, ஒழுக்கம் எங்கே இருக்கிறது? அமைதி இருக்கிறது. சுடுகாட்டிலும் இருக்கிறது.

* * *

இவ்வளவும் கதையின் சிறப்பு. இனி, அதன் குறை.

முடிவு எப்படி வருகிறது? ஆண்டையான பேட்மேனே மனம் மாறி, சிறைப்பட்ட அணியினருக்கு வழிவிடுகிறான். அவர்கள் தங்கள் உலகம் திரும்புகிறார்கள். ஆண்டைகளை எதிர்க்க, அங்கே சிறையிலிருக்கும் லூதரிடமே உடன்பாடு செய்துகொள்கிறார்கள். அவன் வைத்திருக்கும் கருவி ஆண்டைகளின் ஆற்றலைப் பறிக்கிறது. கூலியாக அவனுக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. திரை விழுகிறது.

மக்கள் எங்கே? ஆண்டைகளின் உலகிலே வாழ்ந்தார்களே கோடிக்கணக்கான மக்கள், அவர்கள் எங்கே? கணக்குக் கேட்டவனைப் பிடித்துச் சென்றபோது, பக்கத்து மேசையிலே அமர்ந்திருந்தவர் வீடு திரும்பி என்ன பேசினார்? ஆலைத் தொழிலாளி என்ன செய்தார்? அச்சகத்தார் என்ன அச்சிட்டார்? எதுவும் அறியோம். அடிமைத்தளை பூட்டியவனும் பெருவலியோன். அதை அறுக்க வந்தவனும் பெருவலியோன். மக்கள், அப்போதும் இப்போதும், அண்ணாந்து வானத்தைப் பார்ப்போர்.

ஆக, கதை நமக்குக் கற்பிப்பது யாது? கெட்டுப்போன வீரனுக்குப் பதிலாக, கெட்டுப்போகாத வீரன் வேண்டும் என்பது. சவுக்கு தவறு என்று சொல்லத் தொடங்கி, சவுக்கு ஏந்தும் கரம் நல்ல கரமாக இருக்கட்டும் என்று முடித்துவிட்டது. நோய் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. கதை எழுதியோருக்கும் இந்தக் குறை உறுத்தியிருக்க வேண்டும். 2004 இல் தொடங்கிய அடுத்த தொடரிலே, நீதி அணியின் பெருவலியைக் கண்டு அரசினரே அஞ்சி, அதற்கெதிராக இரகசிய அமைப்பு ஒன்றை ஏற்படுத்துவதாகக் கதையை வளர்த்தார்கள். கேள்வி பெரிதாயிற்று. மக்கள் அங்கும் பார்வையாளர்களே.

இக்குறை இன்று நேற்று வந்ததன்று. கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் ஜெரி சீகலும் ஜோ சஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938 இல் முதன்முதலாக வெளிவந்தபோது, அவன் ஏழைகளின் பக்கம் நின்றான். அவ்வாண்டிலேயே வந்த ஒரு கதையில், பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளரை வதைத்த முதலாளியை, அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே சிக்க வைத்துப் பாடம் புகட்டினான். நெஞ்சு குளிரும் கதைதான். ஆனால் அங்கும் முதலாளியைத் திருத்தியது தொழிலாளரின் ஒற்றுமை அன்று, ஒருவனின் பெருவலி. அவன் பறந்து போன பிறகு, மறுநாள் முதலாளி மனம் மாறினால் தொழிலாளி யாரை அழைப்பார்?

* * *

அதே அமெரிக்காவிலே, பறக்கத் தெரியாதவர்கள் எழுதிய கதை ஒன்று உண்டு.

1955 டிசம்பர் முதல் நாள். அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரம். தையல் வேலை செய்யும் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பேருந்திலே வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார். கைது செய்யப்பட்டார். அவர் விழியிலிருந்து கனல் பாயவில்லை. விண்ணிலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரவெல்லாம் கண்விழித்து ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். டிசம்பர் 5 அன்று மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். சமையல் வேலைக்குப் போகும் மூதாட்டிகள் நடந்தனர், கூலிகள் நடந்தனர், மழையிலும் நடந்தனர். ஒரு நாள் அன்று, இரு நாள் அன்று, 381 நாட்கள்! 1956 நவம்பரிலே உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டிசம்பரிலே அவர்கள் தலைநிமிர்ந்து பேருந்தில் ஏறி, விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.

சூப்பர்மேன் ஒருவன் அன்று வந்து, ஒரே நாளில் அந்தச் சட்டத்தைப் பொசுக்கியிருந்தால்? இருக்கை கிடைத்திருக்கும். அந்த 381 நாட்களில் அம்மக்கள் தங்களைப் பற்றிக் கற்றுக்கொண்டார்களே, அது கிடைத்திருக்காது. வானிலிருந்து விழுந்த உரிமையை வானமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நடந்து பெற்ற உரிமையைப் பறிக்க, நடக்கக் கற்றுவிட்ட கால்களை எதிர்க்க வேண்டும்.

இங்கே நம்மிடம் ஒருவர் கேட்கலாம்: 'அப்படியானால் வலிமையே கூடாதென்கிறீர்களா? சட்டத்தின் கரம் கொண்டு சமூகக் கொடுமைகளை அடக்குவதை வரவேற்பவர்கள்தாமே நீங்கள்?' கேட்க வேண்டிய கேள்வி. 1957 இல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையத் தடை எழுந்தபோது, குடியரசுத் தலைவர் ஐசனோவர் படையை அனுப்பினார். துப்பாக்கி ஏந்திய வீரர்களின் காவலில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். அதுவும் வலிமைதானே?

ஆம், வலிமைதான். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் வேறுபாடு காண்க. அந்தப் படைக்குப் பின்னே 1954 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருந்தது. தீர்ப்புக்குப் பின்னே, திறந்த மன்றத்திலே நிகழ்ந்த வாதம் இருந்தது. உத்தரவிட்டவர் தேர்தலிலே வந்தவர். பதவிக்காலம் முடிந்ததும் வீடு திரும்ப வேண்டியவர். அவரை ஏசி எழுதிய ஏடுகள் மறுநாளும் வெளிவந்தன. வலிமை அங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. சூப்பர்மேனின் கண்கனலோ யாருக்கும் பதில் சொல்லாது. 'யாருடைய வலிமை?' என்று மட்டும் கேட்பது போதாது. 'யாருக்குப் பதில் சொல்லும் வலிமை?' என்றே கேட்க வேண்டும்.

* * *

தோழர்களே! கார்ட்டூனை மூடிவிட்டு நம் பக்கம் திரும்புவோம்.

நாம் பொறுமை இழப்பவர்கள். இழக்கத்தான் வேண்டும், கொடுமையைக் கண்டு பொறுமையாக இருப்பவன் அதற்குத் துணை போகிறவன். ஆயினும் பொறுமை இழந்த நெஞ்சிலே எப்போதும் ஒரு வாயில் திறந்திருக்கும். அதன் வழியே நுழைகிறான் மீட்பன். நேற்று அவன் கையிலே சக்கரம் இருந்தது. இன்று அவன் முதுகிலே செந்நிறப் போர்வை பறக்கிறது. நாளை அவன் வேறு ஆடையிலே, தலைவன் என்ற பெயரிலே, நம் மேடையிலேயே ஏறக்கூடும். கல்லைக் கும்பிடாதே என்று சொன்ன வாய், மனிதனைக் கும்பிடத் தொடங்கினால், நாம் உடைத்தது சிலையை மட்டுமே. கும்பிடும் கையை அன்று.

ஆகவே, நம்மை நாமே சோதித்துக்கொள்ள எளியதொரு சோதனை உண்டு. நாம் போற்றும் நல்லவரிடம், அவர் எத்துணை நல்லவராயினும், அந்த உணவு விடுதிக்காரனைப் போலச் சீட்டைக் காட்டி, 'கணக்கு எங்கே?' என்று கேட்டுப் பார்ப்போம். சிரித்த முகத்தோடு கணக்கைக் காட்டினால் அவர் தோழர். முகம் சுளித்துக் காவலரை அழைத்தால் அவர் ஆண்டை. கேட்கவே நமக்கு நா எழவில்லை என்றாலோ, குறை அவரிடத்தில் அன்று, நம்மிடத்தில்.

லூதர் வீழ்ந்தபோது நாம் கைதட்டினோம் என்று தொடக்கத்திலே ஒப்புக்கொண்டோம். அந்தக் கைகளைக் கண்டு நாணவேண்டியதில்லை. கொடுமை வீழக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. ஆனால் தட்டி முடித்த பிறகு, அந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது. துண்டறிக்கை அச்சிடும் வேலை. வாக்குச் சீட்டு இடும் வேலை. பிடித்துச் செல்லப்படும் பக்கத்து மேசைக்காரனுக்காக எழுந்து நின்று, 'ஏன்?' என்று கை உயர்த்தும் வேலை. அந்த வேலையைச் செய்யும் கைகள் உள்ள உலகம், பறக்கும் வீரன் எவனுமின்றியே, மேலானதோர் உலகம்.